கஸ்தூரி சாயம் போட்ட நூல்

குளியலறையில் குந்தி உட்கார்ந்து ஒரு வெள்ளை பிளாஸ்டிக் டப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். வாரக்கணக்கில் உட்கார்ந்து நான் பின்னி முடித்த ஸ்கார்ஃப் அதற்குள் கிடந்தது. தண்ணீர் முதலில் ரோஸ்மில்க் நிறத்துக்கு வந்தது. புது நூல்தானே, கொஞ்சம் போகத்தான் செய்யும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

தண்ணீரைக் கொட்டிவிட்டு வேறு பிடித்தேன். இந்த முறை யாரோ நாவல்பழம் தின்றுவிட்டு வாய் கொப்பளித்தது போல ஆனது. அதையும் கொட்டினேன். மறுபடியும் அதே நிறம்.

மதிய நேரம். தெருவில் காய்கறி வண்டிக்காரரின் ஒலிபெருக்கி, தக்காளி வந்திருக்கும் செய்தியைக் கன்னடத்தில் ஒரு முறை, தமிழில் ஒரு முறை சொல்லிக்கொண்டே போனது. குழம்புக்குத் தக்காளி வாங்க வேண்டும் என்று காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தவள், எழுந்திருக்கவே இல்லை. கை விரலெல்லாம் ஊதா.

ஸ்கார்ஃப் போனால் போகிறது. என் கவலை வேறொன்று. இந்த ஸ்கார்ஃப் நூலுக்குச் சாயம் போட்ட அதே கை, அதே அடுப்பில் போட்ட நூல் மூட்டையாக வரும் ஞாயிற்றுக்கிழமை விற்பனைக்குப் போகப்போகிறது. போட்டவள் என் சிநேகிதி கஸ்தூரி. இதை அவளிடம் யாராவது சொல்ல வேண்டும். அந்த யாராவது நான்தான்.

லேபுக்கு வெளியே

இந்தத் தொடரைப் படிக்கும் ஒரு வாசகி, "உங்களுக்கு லேபை விட்டால் வேறு உலகமே கிடையாதா?" என்று கேட்டு எழுதியிருந்தார். நியாயமான கேள்வி. இத்தனை வாரமாக ரத்தம், சிறுநீர், மைக்ரோஸ்கோப் என்றே எழுதிக்கொண்டிருந்தால் காலையில் காபியோடு படிப்பவர்களுக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்! ஆகவே இந்த வாரம் கம்பளி நூல். லேப் நடுவில் தலை காட்டினால் மன்னித்துக்கொள்ளுங்கள், அது என் பிறவிக் குணம்.

கஸ்தூரி எங்கள் ஆஸ்பத்திரியில் பில்லிங் கவுண்டரில் இருந்தவள். நான் மாடியில் லேப் டெக்னீஷியன். பெங்களூரில் வீடு அவளுக்கு நீலசந்திரா, எனக்கு விவேக் நகர். நடந்தே போய்விடலாம். மத்தியான சாப்பாட்டை எத்தனையோ வருஷம் சேர்ந்து சாப்பிட்டோம். என் டப்பாவைத் திறந்து மீன் குழம்பு என்று தெரிந்தால் தன் எலுமிச்சம் சாதத்தை என் பக்கம் தள்ளிவிட்டு என் டப்பாவை எடுத்துக்கொள்வாள். கேட்கவெல்லாம் மாட்டாள்.

இருவருமே ஓய்வு பெற்றோம். நான் ஓய்வை ஓய்வாகவே வைத்துக்கொண்டேன். கஸ்தூரியால் முடியவில்லை. மெழுகுவர்த்தி செய்தாள். பட்டு நூல் சுற்றிய வளையல் செய்தாள். சணல் பை, அப்புறம் கண்ணாடிக் கல் ஒட்டிய சாமி படம். ஒவ்வொன்றுக்கும் சாமான் வாங்கியதும் வகுப்புக்குப் போனதும் எனக்குத் தெரியும். ஒவ்வொன்றும் எங்கே நின்றது என்பதும் தெரியும்.

அவள் கணவர் செல்வராஜ் நல்ல மனிதர். டூ வீலர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறார். ஆனால் ஒரு வாய் உண்டு. "ரெஜி அக்கா, இவ வாங்கின சாமானுக்கு இன்னொரு மாடி கட்டணும் போல இருக்கு" என்பார். எல்லோரும் சிரிப்போம். கஸ்தூரியும் சிரிப்பாள். சிரித்த மறு வாரம் மெழுகு கட்டிலுக்கு அடியில் போய்விடும்.

இதைப் புரிந்துகொள்ள எனக்கு வெகு காலம் ஆனது. அவளுக்குச் சலிப்பு வந்து நிறுத்துகிறாள் என்றுதான் நினைத்திருந்தேன்.

நீட்டிய கைகள்

சாயம் போடும் யோசனை அவளுக்கு ஃபோனில் ஏதோ வீடியோ பார்த்து வந்தது. சிவாஜிநகரில் ஒரு சந்துக்குள் இருக்கும் கம்பளி நூல் கடையில் சாயமே ஏறாத வெள்ளை நூல் கிடைக்கிறது என்று கண்டுபிடித்தாள். பிரியாணி போடும் பழைய தேக்சா ஒன்றை, இனி சமையலுக்கு இல்லை என்று ஒதுக்கினாள். வினிகர் ஊற்றிய வெந்நீரில் சாயப்பொடியைக் கரைத்து, நூலை முக்கி, கொதிக்க விடாமல் சூடாகவே வைத்திருக்க வேண்டும். நூல் சாயத்தை உறிஞ்சிக்கொள்ளும். வீடு முழுக்க ஊறுகாய்க் கடை வாசனை.

ஒரு சாயங்காலம் பைக்குள் கையை விட்டு அதை எடுத்து என் மடியில் போட்டாள். முறுக்கிச் சடை போட்ட மாதிரி ஒரு நூல் சிட்டம், வளையமாகச் சுற்றிய கட்டு. ஒரு முனையில் நாவல்பழத் தோலின் கறுப்பு. அங்கிருந்து ஊதா. நடுவில் அந்தப் பழத்தின் சதை போல ஓர் இளஞ்சிவப்பு. மறு முனை சாம்பல் பூத்த வெள்ளை. அழகென்றால் அப்படி ஓர் அழகு. எனக்கு இவ்வளவு அழகான எதையும் யாரும் கொடுத்ததில்லை. அதை அன்று அவளிடமே சொன்னேன்.

"இதான் மொத பீஸ். உனக்குத்தான்" என்றாள். பிறகு கொஞ்சம் இழுத்தாள். "சும்மா இல்ல. கிறிஸ்துமஸ் சேல்ல எனக்கு ஒரு டேபிள் தராங்க. வெறும் நூல மாட்டுனா எவ வாங்குவா? இதுல ஒரு ஸ்கார்ஃப் போட்டுக் குடு ரெஜி. ஓட்ட ஓட்டையா, லேஸ் மாதிரி வருமே, அது."

"கண்ணு போயிடும்டி."

"லேப்ல போகாத கண்ணா?" என்றவள், சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னாள். "இந்தத் தடவ நிறுத்த மாட்டேன். இதுவும் நின்னுச்சுன்னா இனி நான் எதையும் தொட மாட்டேன். சத்தியமா."

வேடிக்கையாகச் சொல்லவில்லை. அவள் முகத்தைப் பார்த்தேன்.

சிட்டத்தை அப்படியே வைத்துக்கொண்டு பின்ன முடியாது. உருண்டையாகச் சுற்ற வேண்டும். சுற்ற ஆள் வேண்டும், சிட்டத்தை விரித்துப் பிடிக்கவும் ஆள் வேண்டும். கஸ்தூரி சோபாவில் உட்கார்ந்து, போலீஸ் பிடிக்க வந்தவள் மாதிரி இரண்டு கையையும் நீட்டிக்கொண்டாள். நான் எதிரே ஸ்டூலில். நூல் அவள் ஒரு கையிலிருந்து மறு கைக்குப் போய் என் உருண்டைக்கு வந்தது. நூல் வரும் பக்கம் கையைச் சாய்த்துக் கொடுக்க வேண்டும் என்று யாரும் சொல்லாமலே அவளுக்குத் தெரிந்திருந்தது. மூக்கு அரித்தால் நான்தான் சொறிந்துவிட்டேன்.

அப்படி உட்கார்ந்திருக்கும்போது ஒருவரை ஒருவர் பார்த்துத்தான் ஆக வேண்டும். ஃபோனை எடுக்க முடியாது, அடுப்பைப் பார்க்கிறேன் என்று எழுந்து ஓட முடியாது. பில்லிங் கவுண்டர் நாட்களில் பேசாததையெல்லாம் பேசினோம். அவள் மகள் கோயம்புத்தூரிலிருந்து ஃபோன் செய்தால் அப்பாவிடம் மட்டும் அதிகம் பேசுகிறாள் என்றாள். எனக்கும் சொல்ல இருந்தது, சொன்னேன். அதை இங்கே எழுதப்போவதில்லை.

குரங்குக் குல்லாய் ஊர்

கம்பளி பின்னுவதற்கு இந்தியாவில் பெங்களூரைப் போல ஒரு ஊர் கிடையாது என்பது என் கட்சி. சிம்லாக்காரர்கள் சண்டைக்கு வரலாம். அங்கே குளிர் நிஜம், வேறு வழியில்லை. இங்கே குளிர் பாதி, ஆசை பாதி. நவம்பர் பிறந்ததும் பார்க்கில் நடக்கும் மாமாக்கள் குரங்குக் குல்லாயை மாட்டிக்கொண்டு, கீழே அரை நிஜாரோடு வருவார்கள். சென்னையிலிருந்து வந்த என் நாத்தனார் இதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார். மறுநாள் காலையில் என் சால்வையை வாங்கிப் போர்த்திக்கொண்டுதான் காபி குடித்தார்.

எனக்குப் பள்ளிக்கூடத்துக் கைவேலை வகுப்பில் பின்னக் கற்றுக்கொடுத்தார்கள். அப்போது எனக்கு அது பிடிக்கவே பிடிக்காது. ஊசியால் பக்கத்துப் பெண்ணைக் குத்தியதுதான் அதிகம். பிடித்துப்போனது லேபில். ரத்தம் இருக்கும் டியூபை மெஷினில் சுற்றவிட்டு அது நிற்கும்வரை காத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் கையைச் சும்மா வைத்திருந்தால் யாராவது வந்து அரட்டையடிப்பார்கள். ஊசியை எடுத்துவிட்டால் யாரும் கிட்டே வர மாட்டார்கள். என் சிடுசிடுப்புக்கு ஏற்ற பொழுதுபோக்கு.

ஆனால் அதெல்லாம் ஸ்வெட்டர், மஃப்ளர், குழந்தைக் குல்லாய். கெட்டிப் பின்னல். லேஸ் வேறு ஜாதி.

ஓட்டையை நம்பி

ஸ்வெட்டரில் ஓட்டை விழுந்தால் தப்பு. லேஸில் ஓட்டைதான் வேலையே. ஊசியின் மேல் நூலை ஒரு சுற்று வெறுமனே சுற்றிவிட்டால் அங்கே ஓட்டை பிறக்கும். ஆனால் ஒரு கண்ணி கூடிவிடுமே! அதனால் பக்கத்திலேயே இரண்டு கண்ணியைச் சேர்த்து ஒன்றாக்க வேண்டும். ஒரு பக்கம் விட்டு, ஒரு பக்கம் பிடித்து. கணக்கு ஓர் இடத்தில் தவறினால் இலை மாதிரி வர வேண்டியது கோணல் மூக்கு மாதிரி வரும்.

நான் இலை போட்டேன். ஒன்றின் மேல் ஒன்று ஏறும் இலைகள். பின்னும்போது பார்த்தால் சகிக்காது. ஊசியிலிருந்து தொங்குவது ஜலதோஷக்காரன் பைக்குள் கசங்கிய கைக்குட்டை மாதிரிதான் இருக்கும். முழுக்கப் பின்னி முடித்து, தண்ணீரில் ஊறவைத்து, ஈரத்தோடு இழுத்து மெத்தையில் குண்டூசி குத்திக் காயவைத்தால்தான் ஓட்டைகள் திறந்து இலை தெரியும். அதுவரை நம்பிக்கை ஒன்றுதான்.

எனக்கு நம்பிக்கை குறைந்துகொண்டே வந்தது. காரணம், அந்த அழகான நிறம். கறுப்பு ஒரு பக்கம் திட்டாகச் சேர்ந்தது, ஊதா ஒரு பக்கம், இளஞ்சிவப்பு ஒரு பக்கம். கண் நிறத்தின் பின்னாலேயே ஓடியதில், பாடுபட்டுப் போட்ட இலை எங்கே என்று தெரியவில்லை. சிட்டமாக இருந்தபோது மயங்கிய அதே நிறத்தின் மேல் எனக்கு எரிச்சல் வந்தது. எல்லோரும் சேர்ந்து சத்தம் போடும் கல்யாண வீட்டில் ஒருத்தி மெல்லப் பாடினால் எப்படிக் கேட்கும்?

கஸ்தூரி அவ்வப்போது எட்டிப் பார்ப்பாள். "வருதா?" என்பாள். "வரும்" என்பேன். அந்த வாரங்களில் அவள் வேறொரு ஆளாக இருந்தாள். நாவல்பழம், மாதுளை, மழைத்தண்ணி, பழைய ஓடு என்று ஒவ்வொரு சிட்டத்துக்கும் பெயர் வைத்தாள். ஒரு முறை சிட்டம் காய்ந்துகொண்டிருந்தபோது செல்வராஜ், "என்னம்மா, சர்க்கஸ் கொடி கட்டியிருக்க?" என்றார். அவள் சிரிக்கவில்லை. "ஆமா, ஞாயித்துக்கெழம டிக்கெட் வாங்கிட்டு வாங்க" என்றாள். எனக்குக் கை தட்ட வேண்டும் போல இருந்தது.

கவுண்டர் முகம்

இப்போது அந்த டப்புக்குத் திரும்புவோம். அதற்கு முன் ஒரே ஒரு லேப் விஷயம், மன்னிக்கவும்.

லேபில் ரிப்போர்ட்டைக் கவரில் போட்டு ஒட்டிக் கொடுப்போம். விளக்கம் சொல்வது டாக்டரின் வேலை, நாங்கள் வாயைத் திறக்கக் கூடாது. வாங்க வந்தவர்கள் கவரைப் பார்க்க மாட்டார்கள். எங்கள் முகத்தைப் பார்ப்பார்கள். ஓர் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க பாத்தீங்கல்ல, கெட்டதா நல்லதா, அது மட்டும் சொல்லுங்க" என்று கேட்டது இன்னும் நினைவிருக்கிறது. அன்றுதான் ஒன்றுமே தெரியாத ஒரு முகத்தை உண்டாக்கி மாட்டிக்கொண்டேன். வேலையை விட்டபோது அதைக் கழற்றி வைக்க மறந்துவிட்டேன் என்று என் கணவர் சொல்வார்.

கெட்டதைச் சொல்ல எனக்குப் பயிற்சியே கிடையாது. எதுவும் சொல்லாமலிருக்கத்தான் பயிற்சி.

அதையே செய்துவிடலாமா என்றும் யோசித்தேன். பொய் சொல்லப்போவதில்லை. ஸ்கார்ஃபைத் தண்ணீர் தெளியும்வரை அலசி, குண்டூசி குத்திக் காயவைத்து, அவள் மேஜையில் மாட்டிவிட்டால் போதும். யாருக்கும் தெரியப்போவதில்லை. அவள் டிக்கெட் கொடுப்பாள், செல்வராஜ் வாங்குவார், எல்லாம் நன்றாக நடக்கும்.

ஆனால் அந்த நூலை வாங்கிக்கொண்டு போகிறவள் என்ன செய்வாள்? வெள்ளையும் ஊதாவுமாகக் கோடு போட்டுப் பேரக்குழந்தைக்கு ஸ்வெட்டர் போடுவாள். எத்தனை நாள் உட்கார்ந்து போடுவாளோ. முதல் தடவை துவைத்ததும் வெள்ளைக் கோடெல்லாம் நீலம் பாரித்துப் போகும். பின்னுகிறவளுக்கு அந்த வயிற்றெரிச்சல் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும். ஒரு வீட்டில் நடந்தால் போதும், கஸ்தூரியின் பெயர் எல்லா வீட்டுக்கும் போய்விடும்.

அதோடு, ஏன் இப்படி ஆனது என்பதும் எனக்குப் புரிந்துவிட்டது. லேபில் கண்ணாடித் துண்டில் ரத்தத்தைத் தேய்த்து அதன் மேல் சாயம் ஊற்றுவோம். ஊற்றுவது சுலபம். வேண்டாத சாயத்தை அலசி வெளியேற்றுவதுதான் வேலை. சரியாக அலசாவிட்டால் மைக்ரோஸ்கோப்பில் எல்லாமே ஒரே இருட்டு. கஸ்தூரி சாயம் போட்ட நாட்களில் நீலசந்திரா பக்கம் சாலையைத் தோண்டிக் குழாயை உடைத்து வைத்திருந்தார்கள். குடிக்கவே கேன் தண்ணீர். அவள் வீட்டில் பாத்திரம் கழுவிய தண்ணீரைச் செடிக்கு ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அந்த நிலைமையில் எந்தப் பெண்ணுக்கு, ஒரு பக்கெட் நல்ல தண்ணீரில் நூலை அலசி ஊதாவாகக் கொட்டிவிட்டு, இன்னொரு பக்கெட் பிடிக்க மனசு வரும்? ஒரு அலசோடு போதும் என்று பிழிந்து தொங்கவிட்டிருப்பாள். தண்ணீரை மதிக்கத் தெரிந்தவள் செய்கிற தப்பு அது.

மொட்டை மாடியில்

மறுநாள் காலை ஈர ஸ்கார்ஃபை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு போனேன். செல்வராஜ் ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கஸ்தூரி தரையில் உட்கார்ந்து, பெயர் எழுதிய அட்டைகளைச் சிட்டங்களில் கட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "முடிச்சிட்டியா? காட்டு, காட்டு" என்றாள்.

"மாடிக்கு வா."

"ஏன், இங்கயே காட்டேன்."

"வெளிச்சத்துல பாக்கலாம், வா."

செல்வராஜ் பேப்பரை இறக்கி எங்களைப் பார்த்தார். நான் அந்த முகத்தை மாட்டிக்கொண்டேன். கஸ்தூரிக்கு அந்த முகம் தெரியும். கையிலிருந்த அட்டையை வைத்துவிட்டு எழுந்து வந்தாள்.

மாடியில் கொடி நிறைய சிட்டங்கள். காலை வெளிச்சத்தில் மாதுளை மாதுளையாகவும் ஓடு ஓடாகவும் இருந்தது. அவற்றின் நடுவில் நின்றுகொண்டு, "சாயம் போகுது கஸ்தூரி. நெறைய போகுது" என்றேன். எனக்கு வேறு மாதிரி சொல்லத் தெரியவில்லை.

"சுடுதண்ணில போட்டிருப்ப."

"பச்சத்தண்ணி."

"உன் சோப்பு அப்படி."

"சோப்பே போடல."

அவள் என் கையிலிருந்த பையைப் பார்த்தாள். நான் என் கைக்குட்டையை நனைத்து, பக்கத்தில் தொங்கிய மாதுளைச் சிட்டத்தை அதில் வைத்துப் பிழிந்து விரித்துக் காட்டினேன். அதைச் செய்திருக்க வேண்டாமோ என்று இப்போது தோன்றுகிறது. அவள் பேச்சை நிறுத்தியபோதே நம்பிவிட்டாள். ரிசல்ட் வந்த பிறகும் இன்னொரு டெஸ்ட் போடுகிற புத்தி எனக்கு.

கைக்குட்டையை வாங்கிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "தண்ணி வரல ரெஜி. ஒரு லோடு டேங்கருக்கு மொத்த பில்டிங்கும் அடிச்சிக்கிச்சு. நான் நூல அலசறேன்னு எப்படிப் போய் நிக்கறது?"

"தெரியும்டி. எங்க வீட்ல தண்ணி இருக்கு. ஒரு ஆட்டோ புடிச்சு எல்லாத்தையும் கொண்டு போயிடலாம். நான் அலசித் தரேன்."

"ஞாயித்துக்கெழமைக்குள்ள காயுமா? வெயிலே இல்லாத இந்த மோடத்துல?"

உண்மையில் காயாது. கம்பளி அவ்வளவு சீக்கிரம் காயாது. அவளே அடுத்ததைக் கேட்டாள்.

"அவர்கிட்ட சொல்லிட்டியா?"

"சேச்சே."

"சொல்லிடு. நான் சொன்னாலும் சிரிக்கத்தான் போறாரு." குரல் கெட்டியாகிவிட்டது. "இப்ப வந்து சொல்ற பாரு. எல்லாத்துக்கும் அட்ட கட்டின பெறகு. நீ கெளம்பு ரெஜி. எனக்கு வேல இருக்கு."

என்ன வேலை என்று நான் கேட்கவில்லை. படியில் இறங்கும்போது திரும்பிப் பார்த்தேன். அவள் கொடிக்கு நடுவில் அசையாமல் நின்றிருந்தாள். தெருவுக்கு வந்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு வார்த்தை முன்னால், ஒரு வார்த்தை பின்னால் போட்டு மெத்தென்று சொல்ல எத்தனையோ பேருக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கு ஏன் தெரியவில்லை?

அதற்குப் பிறகு அவள் ஃபோனை எடுக்கவில்லை. குறுஞ்செய்திக்கும் பதில் இல்லை.

ஸ்கார்ஃபை மட்டும் விடாமல் அலசினேன். தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிந்த பிறகு, கட்டிலில் துண்டு விரித்து, இழுத்து இழுத்துக் குண்டூசி குத்தினேன். காய்ந்து எடுத்தபோது எனக்கே நம்ப முடியவில்லை. கறுப்பு போய்விட்டது. ஊதா இறங்கி மெல்லிய புகை நிறமாகிவிட்டது. அந்தச் சத்தமெல்லாம் அடங்கியதில் இலைகள் தெரிந்தன. ஒவ்வொரு இலையும், அதன் நடு நரம்பும், ஓரத்து ஓட்டைகளும். அவளைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும் என்று கை பரபரத்தது. ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்று நினைப்பாள். மடித்துப் பைக்குள் வைத்தேன்.

மேஜைக்கு அந்தப் பக்கம்

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து நேராக, சேல் நடக்கும் சமூகக் கூடத்துக்குப் போனேன். கஸ்தூரியின் மேஜை காலியாக இருக்கும் என்றே நினைத்தேன். அதைப் பார்க்கப் பயந்துகொண்டே, பிளம் கேக் மேஜை, ரோஸ் குக்கி மேஜை, வீட்டு ஒயின் மேஜை என்று சுற்றிக்கொண்டு போனேன்.

மேஜை காலியாக இல்லை. கம்பிச் சட்டத்தில் கொக்கி கொக்கியாகச் சிட்டங்கள் தொங்கின. அட்டைகள் அப்படியே. கஸ்தூரி பட்டுப்புடவை கட்டிக்கொண்டு பின்னால் நின்றிருந்தாள். செல்வராஜ் ஃபிளாஸ்க்கோடு பக்கத்தில் இருந்தார். யாரிடமும் எதுவும் சொல்லாமல் விற்றுவிடப் போகிறாளா? அப்படி விற்றால் நான் என்ன செய்வேன்? தடுப்பேனா?

ஸ்கார்ஃபை நீட்டினேன். அவள் என் முகத்தைப் பார்க்காமல் வாங்கினாள். விரித்தாள். ஒரு இலையின் ஓரமாக விரலை ஓட்டிப் பார்த்தாள். பிறகு சட்டத்தின் நடுவில் மாட்டினாள். எனக்குப் போவதா நிற்பதா என்று தெரியவில்லை. சற்றுத் தள்ளி நின்றேன்.

ஸ்போர்ட்ஸ் ஷூ போட்ட ஓர் அம்மா வந்து, என்னுடையதைப் போன்ற ஒரு நாவல்பழச் சிட்டத்தை எடுத்தார். முகர்ந்து பார்த்தார், கன்னத்தில் வைத்துப் பார்த்தார், பிறகு நம் பெண்கள் துணிக்கடையில் கேட்கும் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"சாயம் போகுமா?"

இதற்கு நாடு முழுக்க ஒரே பதில்தான். போகவே போகாது மேடம், கியாரண்டி.

"போகும்" என்றாள் கஸ்தூரி.

அந்த அம்மா சிட்டத்தைக் கன்னத்திலிருந்து எடுத்துவிட்டார். செல்வராஜ் திரும்பிப் பார்த்தார்.

"நல்லாவே போகும். சாயம் போட்டப்ப நான் சரியா அலசல. பின்றதுக்கு முன்னாடி இத அப்படியே ஊற வெச்சு, தண்ணி தெளியற வரைக்கும் அலசணும். அலசினா கொஞ்சம் வெளுக்கும், ஆனா அப்புறம் போகாது. அதோ அந்த ஸ்கார்ஃப் இந்த நூல்ல போட்டதுதான்."

"ஏங்க அலசல?"

"தண்ணி வரலைங்க. நான் நீலசந்திரா. ரோடு தோண்டி வெச்சாங்கள்ல, அப்ப."

"அய்யோ, அத ஏன் கேக்கறீங்க. நாங்க ஈஜிபுரா. எங்களுக்கு மட்டும் வந்துச்சா? நான் அந்த வாரம் துணியே தொவைக்கல" என்று அந்த அம்மா சிரித்தார். சிரித்துக்கொண்டே ஸ்கார்ஃபின் நுனியைப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தார். பிறகு நாவல்பழத்தைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, மழைத்தண்ணியைப் பார்க்க ஆரம்பித்தார்.

செல்வராஜ் வாயைத் திறந்தார். போச்சு, வரப்போகிறது என்று நினைத்தேன்.

"எங்கிட்ட சொல்லியிருந்தா கடையில இருந்து கேன் தண்ணி கொண்டாந்திருப்பேனேம்மா" என்றார்.

"நீங்க சிரிப்பீங்க. அதான் சொல்லல."

பட்டென்று சொன்னாள். கூட்டத்தில், ஆட்கள் நடுவில். அவர் ஃபிளாஸ்க்கின் மூடியைத் திறந்தார், மூடினார், மறுபடியும் திறந்தார். பிறகு டீயை ஊற்றி அவள் பக்கத்தில் வைத்துவிட்டு, தொங்கிய சிட்டங்களை ஒவ்வொன்றாக நேர்படுத்த ஆரம்பித்தார்.

அதற்குள் வேறு இரண்டு பேர் வந்து நின்றார்கள். ஒருத்தி "போகுமா?" என்று கேட்பதும் கஸ்தூரி "போகும்" என்பதும் கேட்டது. அந்தப் பெண் வைத்துவிட்டுப் போய்விட்டாள். கஸ்தூரி அவள் போவதைப் பார்த்தாள். கொஞ்சம் வலித்திருக்கும், தெரிந்தது. ஆனால் சிட்டத்தைக் கொக்கியில் திரும்ப மாட்டிவிட்டு அடுத்தவளிடம் திரும்பினாள்.

ஈஜிபுரா அம்மா அவளை விடவில்லை. எத்தனை நேரம் ஊற வைக்கணும், உப்பு போடலாமா, மெஷினில் போடலாமா என்று கேள்விக்கு மேல் கேள்வி. கஸ்தூரி இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"என்ன ரெஜி, வேடிக்க பாத்துட்டு நிக்கற? இப்படி வா. அவங்களுக்கு எப்படி அலசறதுன்னு நீ சொல்லு. எனக்குத் தெரிஞ்சிருந்தாத்தான் இந்தக் கதியே இல்லையே."

மேஜையைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய் அவள் பக்கத்தில் நின்றேன். "மெஷின்ல போடவே போடாதீங்கம்மா" என்று ஆரம்பித்தேன். நான் சொன்னதை அந்த அம்மா மட்டுமல்ல, கஸ்தூரியும் பாதி காதால் கேட்டுக்கொண்டிருந்தாள்.